சைவ இறாலுக்கு நெய் இட்லி

1. ஷட்டர் ஏறுவதற்குள்

கடை ஷட்டர் பாதி ஏறும்போதே போன் அடித்தால் அது டவுன் கோமதியம்மாள்தான். சாவிக்கொத்தை இடுப்பில் செருகக்கூட விடமாட்டார்.

"ஏட்டி புஷ்பம், இன்னைக்கும் ரெண்டு போயிட்டு."

"எப்பம்மா?"

"காலம்பற எந்திரிச்சுப் பாத்தா மல்லாக்கக் கெடக்கு. இன்னும் அடுப்பு பத்த வைக்கல. அவுகளுக்குக் காப்பி கூடப் போடல. நீ வந்து என்னன்னு பாரு."

போனவை இரண்டு இறால்கள். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். அதற்காக அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. உயிர் போன வீட்டில், போனதை அப்புறப்படுத்தி, இடத்தைக் கழுவி, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுப்பு மூட்ட வேண்டும் என்பது கோமதியம்மாளின் சட்டம். மனிதருக்கு உள்ள சட்டத்தை இறாலுக்கும் போட்டால் வாரத்துக்கு இரண்டு நாள் அவர் வீட்டுக்காரர் பிள்ளைவாளுக்குக் காப்பி கிடையாது. அவர் வாசலில் நின்று, "ஒரு காப்பிக்கு வக்கில்லாமப் போச்சே இந்த வீட்டுல" என்று சொல்வது எனக்குப் போனிலேயே கேட்கும்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு வண்ணமீன் கடையில் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். கணக்கு எழுதத்தான் சேர்த்தார்கள். ஆனால் தொட்டி வாங்கிய வீடுகளில் பகல் வேளையில் பெண்கள்தான் இருப்பார்கள். வாளியும் டியூபுமாக முன்பின் தெரியாத ஆள் போய் நின்றால் கதவைத் திறக்க யோசிப்பார்கள். "ஏட்டி புஷ்பம், நீ போனா தொறப்பாவ" என்று சொல்லி முதலாளி அண்ணாச்சி என் கையில் வாளியைக் கொடுத்தார். அன்றோடு பேனா போயிற்று. பாளையங்கோட்டைக்கும் டவுனுக்கும் நடுவில், ஆற்றுப்பாலம் தாண்டும் பஸ்ஸில், மடியில் வாளியை வைத்துக்கொண்டு நின்றும் உட்கார்ந்தும் என் பாதி வயது கழிந்தது.

இப்போது தொழிலுக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறார்கள், ஃபில்டரைப் பற்றிக் கேட்கிறார்கள். அதெல்லாம் பெட்டி மேலேயே எழுதியிருக்கிறது. எழுதாத ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கதை.

2. அண்ணாச்சி சொன்ன பொய்

கோமதியம்மாளின் மகன் குமாருக்கு பம்பாயில் வேலை. கல்யாணம் முடிந்து மருமகள் சங்கரியை இங்கே தன் பெற்றோரிடம் விட்டுவிட்டுப் போனான். அங்கே வீடு கிடைத்ததும் கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு. அதுவரை அவளுக்குப் பொழுது போகட்டும் என்று எங்கள் கடையில் இரண்டடித் தொட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தான். நாலு தங்கமீன், ஒரு ஏர் மோட்டார், ஒரு டப்பா தீனி.

மூன்றாம் நாள் கோமதியம்மாள் என்னிடம் அந்த டப்பாவைக் காட்டி, "இது என்னத்துல செஞ்சது?" என்று கேட்டார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "மீன் பொடிதாம்மா" என்றேன். அவ்வளவுதான். பரம்பரைச் சைவ வீடு. டப்பா கொல்லைப்புறச் சுவருக்கு அப்பால் போய் விழுந்தது. கூடம் கழுவி விடப்பட்டது. தங்கமீன்கள் வாளியில் ஏறி என்னோடு பஸ்ஸில் திரும்பின. தொட்டி மட்டும் வெறுந்தண்ணீரோடு கூடத்தில் நின்றது. சங்கரி அதன் பக்கத்தில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் வாங்கிக் கொடுத்தது என்று வேறு எதுவும் அந்த வீட்டில் அவளுக்கு இல்லை.

அண்ணாச்சிக்கு விற்ற பொருள் திரும்பி வருவது பிடிக்காது. யோசித்தார்.

"பொடி இறாலக் கொண்டு போயிக் குடு. பாசியத்தான திங்குது? சுத்த சைவம்னு சொல்லு."

"அண்ணாச்சி, அது பாசியும் திங்கும், செத்த மீனையும் திங்கும். கெடச்சத எல்லாம் திங்கும்."

"அந்த வீட்டுல செத்த மீனு எங்க கெடக்கு? அங்கன இருக்கிற வர அது சைவந்தான். நீ வாய மூடிக்கிட்டுப் போ."

ஆற்றோரம் தண்ணீருக்குள் கொத்துக் கொத்தாக வளரும் வேலம்பாசிக்குள் வலை போட்டால் கண்ணாடி மாதிரி உடம்போடு துள்ளிக்கொண்டு வருமே, அந்த இறால்தான். மீனுக்குத் தீனியாகவே அதை விற்போம். சங்கரிக்குப் பிறந்த ஊர் முக்கூடல். பையைப் பார்த்ததுமே முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா, எங்க படித்துறைல காலத் தொங்கப் போட்டா வந்து மொய்க்குமே, அதுதான?"

அதுதான். பாசியோடு தொட்டியில் விட்டேன். தீனி முறையையும் சொன்னேன். இதற்கு என்று தனியாகத் தீனி தேவையே இல்லை. பாசி, கண்ணாடியில் படியும் பச்சை, உதிர்ந்த இலை போதும். மனசு கேட்கவில்லை என்றால் ரெண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை வேக வைத்த கீரை, கட்டைவிரல் அகலம். உப்புப் போடாமல். சாயங்காலம் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும்.

கோமதியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நம்ம வீட்டுக்கு வந்த ஜீவன பட்டினி போடச் சொல்லுதியா?"

அந்தக் கேள்வியிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். சைவம் என்று அண்ணாச்சி சொன்னதை அந்த வீடு எப்படி எடுத்துக்கொண்டது என்றால், இறாலும் நம்ம ஆளு என்று எடுத்துக்கொண்டது. பிறகு அதற்கு நம்ம சாப்பாடுதானே போடுவார்கள்?

3. தொட்டிக்குள் நான் பார்த்தவை

முதலில் இட்லி. வெறும் இட்லி இல்லை, நெய் தடவியது. அடுத்த தடவை உளுந்தங்களி, அது மணலுக்குள் இறங்கிப் பசையாக ஒட்டிக்கொண்டது. அமாவாசையன்று காக்காய்க்கு வைத்த கையோடு இறாலுக்கும் ஒரு உருண்டை. பிள்ளைவாள் சாயங்காலம் கோயிலில் இருந்து கொண்டுவரும் பழத்தில் ஒரு துண்டு. ஒரு நாள் தண்ணீர் மேல் மஞ்சளாக ஏடு கட்டி மிதந்தது. மோந்து பார்த்தேன். தேங்காய்ப்பால். வீட்டுக்கு விருந்தாள் வந்து சொதி வைத்தார்களாம். இறாலுக்கு மட்டும் சொதி இல்லாமல் எப்படி?

"யாரும்மா இதப் போட்டது?"

"நான் ஒண்ணும் போடலயே. கொஞ்சூண்டு காட்டுனேன்."

"பிள்ளைவாள்?"

"பிரசாதத்தத் தீனின்னு சொல்லப்படாது புஷ்பம்."

கேட்டுக்கொண்டு நிற்பதற்கு எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே பாருங்கள். ஒவ்வொரு தடவையும் கழுநீர்ப் பானை மாதிரி இருக்கும் தண்ணீரை டியூப் வைத்து உறிஞ்சி எடுத்து, மணலை அலசி, ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பிழிந்து, புதுத் தண்ணீர் ஊற்றி, குளோரின் போக்கும் மருந்து விட்டு, முதுகு ஒடிந்து எழுந்தால், கொல்லைப்புறத்தில் ஒரு டம்ளர் மோர் தருவார்கள். மீன் கடைக்காரி, கவிச்சி என்று தொட்டி வேலை முடிந்ததும் அதற்குமேல் உள்ளே நிற்க விட மாட்டார்கள். மீன் கடையில் கைவைக்கிற எனக்கு மோர். மீன் கடையில் இருந்து வந்த இறாலுக்கு நெய் இட்லி. இந்த நியாயத்தை நான் பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம் யோசித்துக்கொண்டே வருவேன்.

இவ்வளவு போட்டால் சாகாமல் என்ன செய்யும் என்றுதான் நானும் நினைத்தேன். செத்ததைக் கண்ணால் பார்த்தால் காரணம் தெரியும். தொழிலில் அதுதான் முறை. ஆனால் நான் போவதற்குள் அது இருக்காது.

"எடுத்து ஒரு கிண்ணத்துல போட்டு வைங்கம்மா, நான் பாக்கணும்."

"நல்லாருக்கு! செத்தத வீட்டுல வச்சுக்கிட்டா உக்காந்திருப்பாவ? உனக்குப் போன் பண்ணுன கையோட எடுத்து மாமரத்து மூட்டுல போட்டாச்சு. தலைக்கு ஊத்தியாச்சு."

நான் போகும்போது ஊதுபத்தி மணக்கும், கூடம் ஈரமாக இருக்கும், கோமதியம்மாள் தலையில் துண்டு இருக்கும். சாட்சி மட்டும் இருக்காது. அவர் சொன்ன கணக்குக்கு நான் புது இறால் கொண்டுபோய் விடுவேன். இது ஒரு மாதம் இல்லை, இரண்டு மாதம் இல்லை. அண்ணாச்சிக்கே சலித்துவிட்டது. "ஐப்பசி வருது. ஆத்துல வெள்ளம் வந்தா இறாலு கெடைக்காது. இனிமே செத்தா செத்ததுதான்னு சொல்லிரு" என்றார்.

4. சங்கரியின் பம்பாய்

அதைச் சொல்லத்தான் ஒரு நாள் போனேன். கொல்லைக் குழாயடியில் ஸ்பாஞ்சைப் பிழிந்துகொண்டே சங்கரியிடம் சொன்னேன். அவள் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இறாலுக்கு யாராவது இப்படி அழுவார்களா?

"ஏட்டி, என்ன? ஆத்துல தண்ணி வடிஞ்சதும் வேற கொண்டாந்து தாரேன்."

"அதுக்கு இல்லக்கா. அங்கன வீடு கெடச்சிட்டாம். தைக்கு வரும்போது கூட்டிட்டுப் போறேன்னு அவுக போன்ல சொல்லிட்டாக. அத்தைதான் விட மாட்டேங்காக."

"ஏன்?"

"'ஒரு இறாலுக்குச் சோறு போட்டு உசுரோட வச்சுக்கத் தெரியல. அங்கன தனியா இருந்து எம்புள்ளைக்கு என்னத்தப் பொங்கிப் போடுவா'ங்காக. செத்துப் போகப் போக அதையே சொல்லுதாக. அவுககிட்டயும் போன்ல சொல்லிட்டாக."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தம்மா போட்ட சோற்றில் தண்ணீர் நாறுகிறது. பழி இந்தப் பிள்ளை மேலா? ஈரக் கையோடு நேராகக் கூடத்துக்குப் போனேன்.

"அம்மா, சோறு போடாமச் சாகல. போட்டுத்தான் சாகுது."

"சோறு தின்னு செத்தவங்கள நான் எங்கயும் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டு அவர் டிவியைப் போட்டார். அதற்குமேல் அந்த வீட்டில் நான் பேச முடியாது. வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு பஸ்ஸில் எனக்கு மோரும் இட்லியும் ஞாபகத்துக்கு வரவில்லை. தைக்கு இன்னும் எத்தனை இறால் சாகப்போகிறதோ என்றுதான் யோசித்தேன்.

5. கந்தசஷ்டியில் தெளிந்த தண்ணீர்

ஐப்பசியில் கோமதியம்மாள் சஷ்டி விரதத்துக்குத் திருச்செந்தூர் போய்த் தங்கிவிட்டார். வருஷா வருஷம் போவார். பிள்ளைவாளும் இங்கே விரதம், பாதி நாள் கோயிலில். வீட்டில் இட்லிக் கொப்பரையைக் கவிழ்த்து வைத்தாயிற்று.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ சங்கரி கடைக்குப் போன் பண்ணினாள்.

"அக்கா, ஒண்ணு போயிட்டு. அத்தை இல்லாத நேரத்துல போயி... நான் எடுக்கல. தொட பயமா இருக்கு. அவுக வாரதுக்குள்ள வாங்கக்கா."

மழையில் நனைந்துகொண்டு போனேன். கூடத்தில் கால் வைத்ததும் நின்றுவிட்டேன். தொட்டியின் பின்பக்கக் கண்ணாடி தெரிந்தது. இறால் விட்ட பிறகு, தண்ணீர் மாற்றாமலேயே அது தெரிவது அதுதான் முதல் தடவை. வீடு விரதம் இருந்தால் இறாலும் விரதம் இருக்கிறது, தண்ணீர் தெளிந்துவிடுகிறது. நான் எத்தனை மாதமாகத் தொண்டை கிழியச் சொன்னேன்!

மணல் மேல் ஒன்று கிடந்தது. கால், மீசை, கண் இருக்கும் இடம் எல்லாம் அப்படியே. சின்ன வலையில் எடுத்து உள்ளங்கையில் போட்டேன். கனமே இல்லை. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஒன்றுமில்லை. கழுத்துக்குப் பின்னால் ஒரு கீறல், அந்த வழியாக உள்ளே இருந்தது வெளியே போயிருக்கிறது.

"ஏட்டி சங்கரி, இது பொணமில்லட்டி. சட்டை!"

"பாம்பு உரிக்குமே, அது மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

கடைத் தொட்டியில் நான் பார்க்காத சட்டையா? ஆனால் செத்ததைக் கண்ணில் காட்டாமல் தூக்கிப் போட்டுக் குளித்துவிட்டு, "ரெண்டு போயிட்டு" என்று சொன்னால் யார்தான் என்ன நினைப்பார்கள்? இறால் வளர வளர மேலே உள்ள ஓடு பத்தாது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வரும். அப்போது உடம்பு மெத்து மெத்தென்று இருக்கும், யார் கடித்தாலும் போயிற்று. அதனால் ஒன்றிரண்டு நாள் பாசிக்குள் ஒளிந்துகொள்ளும். பிறகு வந்து கழற்றிப் போட்ட ஓட்டையே தின்னும். புது ஓடு கெட்டிப்பட அதில்தான் சத்து இருக்கிறது. கோமதியம்மாள் காலையில் எழுந்து, அதன் சாப்பாட்டை எடுத்து மாமரத்தடியில் போட்டுவிட்டு, தலைக்குக் குளித்துவிட்டு, அதற்குப் பதிலாக நெய் இட்லி போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்!

இத்தனை நாளும் கலங்கிய தண்ணீரில் நான் கலைக்காமல் விட்ட வேலம்பாசியை மொத்தமாகத் தூக்கி வாளியில் போட்டு உதறினேன். வாளித் தண்ணீர் முழுக்க இறால். நான் மாதக்கணக்கில் கொண்டுவந்து விட்டதெல்லாம் அங்கேதான் இருந்தது. ஒன்றிரண்டு நிஜமாகவே செத்திருக்கலாம். ஆனால் நாலைந்தின் வயிற்றில் முட்டை வேறு இருந்தது. நான் எதற்காக இத்தனை தடவை பஸ் ஏறினேன் என்று நினைத்ததும் வாளியை எட்டி உதைக்கலாம் போல இருந்தது.

சங்கரி வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பம் நான் ஒண்ணையும் சாகடிக்கலையாக்கா?"

"இல்லட்டி."

அவள் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

6. சட்டைக்கு மீசை இருக்குமா?

கோமதியம்மாள் திருச்செந்தூரில் இருந்து வந்த அன்றே போய்ச் சொன்னேன். நம்புவாரா?

"எங்கண்ணு என்ன அவிஞ்சா போச்சு? நான் பாத்தேன். காலு இருந்துது. மீசை இருந்துது. சட்டைக்கு மீசை இருக்குமாட்டி?"

"இருக்கும்மா. மீசைக்கும் சேத்துத்தான் சட்டை."

"சும்மா கெட. அவளுக்குப் பரிஞ்சுக்கிட்டு வந்து நிக்க."

வாளியைக் காட்டினேன், புதுசாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டேன் என்றார். வெள்ளக் காலத்தில் இறாலே கிடையாது என்றேன், மீன் கடைக்காரிக்குக் கிடைக்காதா என்றார். இவரோடு வாயால் முடியாது என்று தெரிந்துவிட்டது.

பெட்டிக்கடையில் தேன்மிட்டாய் போட்டு வைப்பார்களே, அந்த மாதிரிக் கண்ணாடிப் பாட்டில் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். கொஞ்சம் மணல், ஒரு கொத்துப் பாசி, தொட்டித் தண்ணீர் பாதி, புதுத் தண்ணீர் பாதி. புதுத் தண்ணீர் பட்டால் சில சமயம் சீக்கிரமே ஓட்டைக் கழற்றும். வளர்கிற வயதில் உள்ள ஒரே ஒரு இறாலை அதில் விட்டு, கூடத்தில் டிவிப் பெட்டியின் பக்கத்தில் வைத்தேன்.

"ஒத்த இறாலு. நீங்கதான் காவல். சங்கரி கிட்டயே வரமாட்டா. சட்டையும் கெடந்து இறாலும் இருந்துச்சுன்னா நான் சொன்னது நெசம். ஆனா ஒண்ணும் போடப்படாது."

"ஒண்ணுமா?"

"ஒரு பருக்கை கூட. போட்டு அது செத்துச்சுன்னா, இத்தன நாளும் கொன்னது நீங்கதான்னு ஆயிரும்."

வாயை விட்டுவிட்டேன். பெரிய மனுஷியிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனால் அது ஒன்றுதான் அவருக்குள் இறங்கியது. சரி என்று தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாடும் எனக்குக் கொடுத்த பாடும் கொஞ்சநஞ்சமில்லை. தினமும் போன்.

"புஷ்பம், அது கையக் கைய வாய்க்குக் கொண்டு போவுது. பசிக்குன்னு கேக்கு."

"பாசியப் பொறக்கித் திங்குதும்மா. நாள் முழுக்க அப்படித்தான் செய்யும்."

"என்னையே பாக்கு."

"அதுக்கு எல்லாப் பக்கமும் கண்ணு தெரியும்மா. உங்கள மட்டும் பாக்கல."

"நான் இங்கன தோசை திங்கேன், அது அங்கன வெறும் பாசியத் திங்கு. எனக்குத் தொண்டைல எறங்கல."

"அப்பம் அதுக்கு முதுகக் காட்டி உக்காந்து சாப்பிடுங்க!"

போனை வைத்தால் அண்ணாச்சி சிரிப்பார். "நம்ம கடையில இறாலுக்குப் போன் வைத்தியம் பாக்கது நீ ஒருத்திதான்" என்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பாட்டிலில் இறால் நிஜமாகவே செத்துவிட்டால் சங்கரிக்குத் தை கிடையாது. ஒத்த இறால். அதற்கு வேறு ஏதாவது வந்தால் நான் என்ன செய்வேன்? பந்தயத்தைப் போட்டது நான். எதையும் போட முடியாமல் பட்டினி கிடப்பது கோமதியம்மாளின் கை. போகப்போவது அந்தப் பிள்ளையின் வாழ்க்கை.

ஒரு நாள் போனை அண்ணாச்சி எடுத்தார். முகம் மாறிவிட்டது. "ஏட்டி, உடனே வரச் சொல்லுதாவ. வேற ஒண்ணும் சொல்லல."

பாலத்தில் பஸ் நகரவே இல்லை போல இருந்தது. போய்ச் சேர்ந்தால் அடுப்பு எரியவில்லை. கோமதியம்மாள் பாட்டிலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். சங்கரி அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாட்டிலின் அடியில் ஒன்று மல்லாந்து கிடந்தது. வேறு எதையும் காணோம்.

பாட்டிலைப் பைய எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினேன். பாசி, மணல், மறுபடியும் பாசி. தண்டின் மறைவில் இரண்டு கறுப்புக் கண் தெரிந்தது.

"அம்மா, இங்கன பாருங்க."

அவர் முகத்தைக் கண்ணாடியில் ஒட்டி வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அது தண்டை விட்டு இறங்கியது. மணல் மேல் தத்தித் தத்தி வந்தது. கிடந்த ஓட்டின் பக்கத்தில் நின்று, மீசையால் தடவிப் பார்த்து, ஒரு காலைப் பிய்த்து வாயில் வைத்தது. பிறகு இன்னொன்று.

பிள்ளைவாள் வாசலில் இருந்து குரல் கொடுத்தார். "கோமதி, காப்பி?"

"இருங்க. அது சாப்பிடுது."

பாதி ஓடு முடியும்வரை பார்த்தார். பிறகு முட்டியில் கை ஊன்றி எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. சங்கரியையும் பார்க்கவில்லை, பார்த்தது சுவரை.

"அப்பம் இவ ஒண்ணும் பண்ணல."

அவர் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டார்.

"ஏட்டி சங்கரி, அடுப்பப் பத்த வை. தைக்கு அவன் வாரப்ப உன் பெட்டியக் கட்டி வச்சிரு. கடைசி நேரத்துல அது எங்க, இது எங்கன்னு நிக்காத."

அடுக்களையில் ஏதோ ஒரு பாத்திரம் கீழே விழுந்து உருண்டது.

7. எட்டு இட்லி

சங்கரி போன பிறகு மாசி மாதத்தில்தான் நான் அந்த வீட்டுக்குப் போனேன். இடையில் ஒரு போன் கூட இல்லை. போன் இல்லை என்றாலே எனக்குப் பயம். தொட்டி இருக்கும் நிலையை மனசில் நினைத்துக்கொண்டே, பெரிய வாளியாக எடுத்துக்கொண்டு போனேன்.

தண்ணீர் பளிங்காக இருந்தது. மணலில் ஒரு பருக்கை இல்லை. கண்ணாடியில் பச்சை படிந்து, அதை இறால்கள் வரிசையாக மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு மூலையில் கழற்றிப் போட்ட ஓடு, எடுக்காமல் விட்டிருந்தார்.

"யாரும்மா பாத்துக்கிடுதா?"

"வேற யாரு? நாந்தான். ஒண்ணும் போடாதீங்கன்னு அவ சொல்லிட்டுப் போனா. போடல." முந்தானையால் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்தார். "அவன் எட்டு இட்லி திம்பான் புஷ்பம். பம்பாய்க்குப் போயி எத்தன வருசமாச்சு, உளுந்து நனைக்கும்போது எங்கைக்கு அளவு கொறைய மாட்டேங்குது. இப்பம் அவளும் போயிட்டா. இவுக ரெண்டுக்கு மேல தொட மாட்டாக. இந்த இறாலுவளும் வேண்டாம்னுட்டு. நான் என்ன செய்ய?"

நெய் இட்லி எங்கே இருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனை நாள் தண்ணீரைத்தான் பார்த்திருக்கிறேன்.

வேலை என்று ஒன்றும் இல்லை. வாளியை எடுத்துக்கொண்டு வழக்கம்போலக் கொல்லைப்பக்கம் மோருக்குப் போனேன். "அங்கன எங்க போற? இங்கன வா" என்றார். அடுக்களைக்கு முன்னால் இலை போட்டிருந்தது. உட்கார்ந்தேன். இரண்டு இட்லி வைத்தார், நெய் விட்டார். தின்று முடிப்பதற்குள் இன்னும் இரண்டு. போதும் என்று கையை நீட்டி மறைத்தேன். கைக்கு மேலேயே வைத்தார். பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நான் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். தீனி கூடினால் என்ன ஆகும் என்று ஊரெல்லாம் பாடம் நடத்துகிற நான், ஒரு வார்த்தை பேசாமல் எட்டையும் தின்றேன்.

அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்குப் போன ஒவ்வொரு தடவையும் எட்டுத்தான். அண்ணாச்சி, "டவுன் சர்வீஸுக்குப் போயிட்டு வந்தா ஏன்டி தூங்கி விழுத?" என்று திட்டுவார். என்னத்தைச் சொல்ல?

தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். தொட்டி வாங்க வருகிறவர்களிடம் எத்தனை அடி என்று எல்லோரும் கேட்பார்கள். நான் முதலில் கேட்பது, உங்கள் வீட்டில் இருந்து யாராவது வெளியூர் போயிருக்கிறார்களா என்று. ஆமாம் என்று சொன்னால் தீனியைச் சின்ன டப்பாவாகக் கொடுப்பேன்.